திருத்த இயலா எழுத்து

நுழையும்முன்

ஓலையில் எழுதப்பட்ட ஒப்பந்தம் காகிதத்திற்கு வந்தது. காகிதத்திலிருந்து கணினிக்கு வந்தது. ஒப்பந்தம் மீறப்படாமல் காப்பதற்குச் சாட்சிகளும் பதிவு அலுவலகங்களும் நீதிமன்றங்களும் துணைநின்றன. இன்றோ, எழுதியபடியே தானாக நிறைவேறும் ஒப்பந்தங்களைக் கணினி நிரலாக எழுதுகின்றனர். அந்நிரலை ஒருமுறை நிறுவிவிட்டால் அதை அழித்து எழுத இயலாது. அதில் பிழை இருந்தால் பிழையும் நிலைத்துவிடும். இத்தகைய ஒப்பந்தம் எவ்வாறு உருவாகிறது, எவ்வாறு சோதிக்கப்படுகிறது, எவ்வாறு நிறுவப்படுகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பலர் காக்கும் பேரேடு

வணிகர் தம் வரவு செலவைப் பேரேட்டில் எழுதி வைக்கிறார். வங்கியும் தன் வாடிக்கையாளர்களின் கணக்கை அவ்வாறே பதிந்து வைக்கிறது. பேரேடு ஒருவரிடம் மட்டும் இருக்கும்போது, அதை வைத்திருப்பவரின் நேர்மையை நம்பியே மற்றவர்கள் நடக்க வேண்டியுள்ளது. அதே பேரேட்டின் படிகள் உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான கணினிகளில் இருந்தால் நிலைமை மாறும். புதிய பதிவு ஒவ்வொன்றையும் அக்கணினிகள் தனித்தனியே சரிபார்த்து ஏற்றுக்கொள்ளும். எவரேனும் ஒருவர் தம் படியை மட்டும் திருத்தினால் அது மற்றவற்றோடு பொருந்தாமல் உடனே வெளிப்பட்டுவிடும்.

இப்பேரேட்டின் பதிவுகள் கட்டம் கட்டமாகத் தொகுக்கப்படுகின்றன. ஒவ்வொரு கட்டமும் தனக்கு முந்தைய கட்டத்தின் 'ஹாஷ்' என்னும் அடையாளக் குறியீட்டைத் தாங்கி நிற்கிறது. முந்தைய கட்டத்தில் ஓர் எழுத்து மாறினாலும் அதன் குறியீடு மாறிவிடும். அதைத் தாங்கிய அடுத்த கட்டமும், அதற்கடுத்த கட்டமும் பொருந்தாமல் போகும். சங்கிலியின் கண்ணிகளைப்போல் கட்டங்கள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால் இதனைக் 'கட்டச்சங்கிலி' என்பர். சடோஷி நகமோட்டோ என்னும் புனைபெயரில் 2008ஆம் ஆண்டு வெளியான கட்டுரை பிட்காயினுக்கு அடிகோலியது. 2009ஆம் ஆண்டு சனவரியில் அதன் முதல் கட்டம் உருவானது.

திறன் ஒப்பந்தம்

பிட்காயின், பெரிதும் பணப் பரிமாற்றத்தைப் பதிவதற்கான பேரேடாகவே அமைந்தது. அத்தகைய பேரேட்டில் பரிமாற்றங்களோடு, விதிகளையும் நிரலாக எழுதிவைத்து இயக்கலாம் என்னும் கருத்தை விட்டாலிக் பியூட்டரின் 2013ஆம் ஆண்டின் இறுதியில் முன்வைத்தார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. அக்கருத்தின் அடிப்படையில் எழுந்த எத்தீரியம் என்னும் கட்டச்சங்கிலி 2015ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள் இயங்கத் தொடங்கியது.

கட்டச்சங்கிலியில் வாழும் இத்தகைய நிரலை 'ஸ்மார்ட் கான்ட்ராக்ட்' என அழைக்கின்றனர். இச்சொல்லைக் கணினி அறிஞர் நிக் சாபோ 1990களிலேயே கையாண்டார். காசைப் போட்டதும் பொருளைத் தரும் விற்பனை எந்திரத்தை அவர் இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறினார். அங்கே விற்பவர் இல்லை. விதி மட்டுமே உண்டு. காசு விழுந்தால் பொருள் வரும், விழாவிட்டால் வராது. 'ஸ்மார்ட்போன்' என்பதைத் திறன்பேசி எனத் தமிழில் வழங்குவதைப்போல இதனைத் 'திறன் ஒப்பந்தம்' எனக் குறிப்பிடலாம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதனைக் காண்போம். பலர் பணம் போட்டு எடுக்கும் ஒரு பொது உண்டியலை நிரலாக எழுதுவதாகக் கொள்வோம். அதற்கு மூன்று விதிகள் போதும். யாரும் உண்டியலில் பணம் செலுத்தலாம் என்பது முதல் விதி. செலுத்தியவர் பெயரில் அத்தொகை பதிவாக வேண்டும் என்பது இரண்டாம் விதி. ஒருவர் தாம் செலுத்திய தொகைக்கு மேல் எடுக்க இயலாது என்பது மூன்றாம் விதி. விதிகள் எளியவை, சில வரிகளில் நிரலாக எழுதிவிடலாம். ஆயினும் அச்சில வரிகளுக்குள் எத்துணைப் பெரிய பள்ளம் மறைந்திருக்கக்கூடும் என்பதைப் பின்னர்க் காணலாம்.

பணிச்சூழலை அமைத்தல்

எத்தீரியத்திற்கான திறன் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 'சாலிடிட்டி' என்னும் நிரல்மொழியில் எழுதப்படுகின்றன. கணினியில் எதையும் நிறுவாமலேயே பழக விரும்பும் தொடக்கநிலை மாணவர், இணைய உலாவியில் இயங்கும் 'ரீமிக்ஸ்' என்னும் கருவியைப் பயன்படுத்தலாம். முழுமையான திட்டமாகச் செய்வோர் 'ஹார்ட்ஹேட்', 'ஃபவுண்ட்ரி' போன்ற கருவித் தொகுப்புகளை நாடுகின்றனர்.

ஹார்ட்ஹேட்டைப் பயன்படுத்துவோர் முதலில் 'நோட் ஜேஎஸ்' என்னும் இயக்கச் சூழலைக் கணினியில் நிறுவிக்கொள்ள வேண்டும். பின்னர்த் திட்டத்திற்கெனத் தனிக் கோப்புறை ஒன்றை உருவாக்கி, அதனுள் ஹார்ட்ஹேட்டை நிறுவ வேண்டும். அக்கோப்புறையில் ஒப்பந்த நிரல்களுக்கு ஓரிடமும், சோதனை நிரல்களுக்கு ஓரிடமும், நிறுவுவதற்கான கட்டளைகளுக்கு ஓரிடமும் தனித்தனியே ஒதுக்கப்படும். எந்த நிரல்பெயர்ப்பியின் எந்தப் பதிப்பைப் பயன்படுத்துவது, எந்த வலையமைப்போடு இணைவது என்பன போன்ற விவரங்கள் அமைவுக் கோப்பில் எழுதப்படும்.

பதிப்பு எண்ணைத் தெளிவாகக் குறிப்பிடுவது சிறு செயலாகத் தோன்றினாலும் இன்றியமையாதது. சான்றாக, ஓர் எண் தனக்கு ஒதுக்கப்பட்ட இடத்தின் எல்லையைத் தாண்டினால் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கிவிடும் குறை சாலிடிட்டியின் பழைய பதிப்புகளில் இருந்தது. 0.8 பதிப்பு முதல் அவ்வாறு நேர்ந்தால் செயல் தானாகவே நிறுத்தப்படுகிறது. ஒரே நிரல், பதிப்பு மாறினால் வேறுவிதமாக நடந்துகொள்ளும் என்பதை இதனால் அறியலாம்.

எழுதிய நிரலை நிரல்பெயர்ப்பி இரண்டு பொருள்களாக மாற்றித் தருகிறது. ஒன்று, எத்தீரியக் கணினிகள் இயக்கக்கூடிய பைட்குறி. மற்றொன்று, அவ்வொப்பந்தத்தில் எந்தெந்தச் செயற்கூறுகள் உள்ளன, அவற்றை எவ்வாறு அழைப்பது என்பதை வெளியுலகிற்குக் கூறும் விவரப் பட்டியல்.

சோதனை என்னும் உரைகல்

பொன்னின் தரத்தை உரைகல் காட்டும்; நிரலின் தரத்தைச் சோதனை காட்டும். சாதாரணச் செயலியில் பிழை தோன்றினால் மறுநாளே புதிய பதிப்பை வெளியிட்டுவிடலாம். திறன் ஒப்பந்தத்தில் அவ்வாய்ப்பு இல்லை. எனவே அதனை எழுதுவதற்கு ஆகும் காலத்தைவிடச் சோதிப்பதற்கு மிகுதியான காலத்தை ஒதுக்குவதே முறையாகும்.

ஹார்ட்ஹேட் கருவி, நிரலரின் கணினிக்குள்ளேயே ஒரு சிறிய கட்டச்சங்கிலியை உருவாக்கித் தருகிறது. அதில் இருபது கணக்குகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் 10,000 சோதனை ஈதர் இருக்கும். ஈதர் என்பது எத்தீரியத்தின் நாணயம். இங்குள்ளவை பயிற்சிக்கானவையே, இவற்றுக்கு மதிப்பு இல்லை. ஆகவே அச்சமின்றி எத்தனை முறையும் தவறலாம்.

சோதனை ஒவ்வொன்றும் மூன்று படிகளைக் கொண்டது. முதலில் சூழலை ஏற்பாடு செய்தல். அடுத்துச் செயலை நிகழ்த்துதல். இறுதியில் விளைவு எதிர்பார்த்தவாறு அமைந்ததா எனச் சரிபார்த்தல். உண்டியல் ஒப்பந்தத்தைப் பின்வரும் நான்கு வகைகளில் சோதிக்கலாம்.

முதலாவது, நேர்வழிச் சோதனை. ஒருவர் ஐந்து ஈதர் செலுத்தி, இரண்டு ஈதர் எடுத்தால் அவர் பெயரில் மூன்று ஈதர் எஞ்ச வேண்டும்.

இரண்டாவது, மறுப்புச் சோதனை. பணமே செலுத்தாத ஒருவர் எடுக்க முயன்றால் ஒப்பந்தம் மறுக்க வேண்டும். செய்யக்கூடாததைச் செய்ய மறுக்கிறதா என்று பார்ப்பது, செய்ய வேண்டியதைச் செய்கிறதா என்று பார்ப்பதற்கு இணையான கடமையாகும்.

மூன்றாவது, எல்லைச் சோதனை. சுழியத்தைச் செலுத்தினால் என்னாகும்? இருப்பு முழுவதையும் எடுத்தால் என்னாகும்? இருப்பைவிட ஒரே ஒரு 'வெய்' மிகுதியாகக் கேட்டால் என்னாகும்? ஓர் ஈதரில் நூறு கோடியின் நூறு கோடி மடங்கு வெய்கள் உள்ளன. பிழைகள் பெரும்பாலும் இத்தகைய எல்லைகளிலேயே பதுங்கியிருக்கின்றன.

நான்காவது, பகைவழிச் சோதனை. நிரலர் தம் ஒப்பந்தத்தைத் தாமே கொள்ளையடிக்க முயல வேண்டும். அதற்கெனத் தீய ஒப்பந்தம் ஒன்றையும் எழுதி, உண்டியலின்மேல் ஏவிப் பார்க்க வேண்டும். இவ்வகைச் சோதனையின் அருமையை உலகம் பெரும் விலை கொடுத்தே கற்றுக்கொண்டது.

'தி டாவோ' தந்த படிப்பினை

2016ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் எத்தீரியத்தின்மீது 'தி டாவோ' என்னும் திறன் ஒப்பந்தம் நிறுவப்பட்டது. பலரும் ஈதரைச் செலுத்தி, எந்தத் திட்டங்களில் முதலீடு செய்வது என்பதை வாக்களித்து முடிவு செய்யும் பொதுநிதி அது. மேலாளரோ இயக்குநர் குழுவோ இன்றி நிரலின் விதிகளே அதனை நடத்தும் என அறிவிக்கப்பட்டது. சில வாரங்களிலேயே ஏறத்தாழ 15 கோடி டாலர் மதிப்புள்ள ஈதர் அதில் குவிந்தது.

அதன் அமைப்பில் குறைகள் உள்ளதாகவும், அவற்றைக் களையும்வரை செயல்பாட்டை நிறுத்திவைக்க வேண்டும் எனவும் கார்னெல் பல்கலைக்கழகத்தின் எமின் குன் சிரர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் மே மாத இறுதியிலேயே எச்சரித்தனர். சூன் 17ஆம் நாள் தாக்குதல் நிகழ்ந்தது. ஏறத்தாழ 36 லட்சம் ஈதர், அதாவது நிதியில் மூன்றில் ஒரு பங்கு அளவு, வேறோர் ஒப்பந்தத்திற்குச் சென்று சேர்ந்தது.

தாக்கியவர் எந்தக் கணினிக்குள்ளும் அத்துமீறி நுழையவில்லை. எந்தக் கடவுச்சொல்லையும் திருடவில்லை. நிரலில் எழுதப்பட்டிருந்த வரிசையையே அவர் பயன்படுத்திக்கொண்டார். உண்டியல் எடுத்துக்காட்டைக் கொண்டு அதனைப் புரிந்துகொள்ளலாம். பணம் எடுக்கும் செயற்கூறு பின்வரும் வரிசையில் அமைந்திருப்பதாகக் கொள்வோம்:

1. கேட்பவரின் பெயரில் இருப்பு உள்ளதா எனச் சரிபார்.
2. பணத்தை அவருக்கு அனுப்பு.
3. அவர் இருப்பிலிருந்து அத்தொகையைக் கழி.

படிப்பவர்க்கு இதில் குறை எதுவும் தென்படாது. ஆனால், பணம் பெறுபவர் மனிதராக இல்லாமல் மற்றொரு திறன் ஒப்பந்தமாகவும் இருக்கலாம். அவ்வாறாயின், பணம் வந்து சேர்ந்ததும் அவ்வொப்பந்தத்தின் நிரல் இயங்கத் தொடங்கும். அது உடனே மீண்டும் பணம் கேட்கலாம். அப்போது மூன்றாம் படி இன்னும் நிகழவில்லை. ஏட்டில் பழைய இருப்பே உள்ளது. ஆகவே சரிபார்ப்பு வெற்றி பெறும், மீண்டும் பணம் செல்லும், மீண்டும் கேட்கப்படும். பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு, ஏட்டில் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்றிருந்த காசாளரின் நிலையே இது. இதனை 'மறுநுழைவுத் தாக்குதல்' என்பர்.

இதற்கான தீர்வு மிக எளியது. இரண்டாம் படியையும் மூன்றாம் படியையும் இடமாற்றினால் போதும். முதலில் சரிபார்த்தல், அடுத்து ஏட்டில் பதிதல், இறுதியில் வழங்குதல் என்னும் இவ்வொழுங்கை இன்று சாலிடிட்டி கற்போர் அனைவரும் முதற்பாடமாகப் பயில்கின்றனர். இரு வரிகள் இடம்மாறி நின்றதால் நேர்ந்த இழப்பு, நேர்வழிச் சோதனைகள் ஆயிரம் செய்திருந்தாலும் வெளிப்பட்டிராது. பகைவழிச் சோதனை ஒன்றே அதனைக் காட்டியிருக்கும்.

சோதனையின்போது நிரலின் எத்தனை வரிகள் இயக்கப்பட்டன என்பதை விழுக்காடாகக் காட்டும் கருவிகள் உண்டு. நூறு விழுக்காடு வந்துவிட்டால் நிரல் பிழையற்றது என்று பலர் எண்ணுகின்றனர். வரிகள் இயங்கின என்பதே அதன் பொருள். எல்லாச் சூழலிலும் சரியாக இயங்கும் என்பதன்று. ஆகவே எண்ணற்ற உள்ளீடுகளைத் தாமாகவே உருவாக்கிச் செலுத்திப் பார்க்கும் சோதனைக் கருவிகளையும், நிரலை எழுதாத பிறரைக் கொண்டு செய்யும் தணிக்கையையும் துணைக்கொள்வது நன்று.

சோதனை வலையமைப்பு

தன் கணினிக்குள் வெற்றி பெற்ற ஒப்பந்தத்தை அடுத்துப் பொதுச் சோதனை வலையமைப்பில் நிறுவிப் பார்க்க வேண்டும். எத்தீரியத்தில் இதற்கென 'செபோலியா' என்னும் வலையமைப்பு உள்ளது. அது முதன்மை வலையமைப்பைப் போன்றே இயங்கும்; ஆனால் அதன் ஈதருக்குப் பண மதிப்பு இல்லை. தேவையான சோதனை ஈதரைச் சில இணையதளங்கள் இலவசமாக வழங்குகின்றன.

ஒரு செயலை அனுப்பியதும் அது நிறைவேறாமல் அடுத்த கட்டம் உருவாகும்வரை காத்திருப்பது, பலருடைய செயல்கள் முன்பின்னாக வந்து சேர்வது, கட்டணம் ஏறி இறங்குவது ஆகியவற்றைத் தன் கணினிக்குள் முழுமையாக உணர இயலாது. நீச்சல் குளத்தில் பழகியவர், ஆற்றில் இறங்குமுன் அதன் கரையோரத்தில் நீந்திப் பார்ப்பதற்கு இதனை ஒப்பிடலாம்.

நிறுவுதல்

சோதனைகள் அனைத்தும் நிறைவுற்ற பின்னரே முதன்மை வலையமைப்பில் நிறுவும் பணி தொடங்குகிறது. நிறுவுதல் என்பதும் ஒரு பரிமாற்றமே. பெறுநர் முகவரி இல்லாமல், ஒப்பந்தத்தின் பைட்குறியைத் தாங்கியதாக அப்பரிமாற்றம் அனுப்பப்படும். அது ஏற்கப்பட்டதும் ஒப்பந்தத்திற்குத் தனி முகவரி ஒன்று கிடைக்கும். அதன்பின் அந்த முகவரியைக் கொண்டே உலகில் யாரும் அதனை அழைக்கலாம்.

இதற்குக் கட்டணம் உண்டு. எத்தீரியக் கணினிகள் செய்யும் ஒவ்வொரு வேலையும் 'கேஸ்' என்னும் அலகால் அளக்கப்படுகிறது. ஒருவர் மற்றொருவருக்கு ஈதர் அனுப்பும் எளிய செயலுக்கு 21,000 கேஸ் ஆகும். ஒப்பந்தத்தை நிறுவுவதற்கு இதைவிடப் பன்மடங்கு ஆகும். செயல் தோல்வியுற்றால் மாற்றங்கள் யாவும் நீங்கிப் பழைய நிலை திரும்பும். ஆனால் செலவழிந்த கேஸுக்குரிய கட்டணம் திரும்பாது.

நிறுவுபவர் தம் கணக்கின் தனித்திறவுகோலால் அப்பரிமாற்றத்தில் ஒப்பமிட வேண்டும். இத்திறவுகோலை வைத்திருப்பவரே கணக்கின் உரிமையாளர். அதனை நிரலுக்குள் எழுதி வைப்பதும், நிரலோடு சேர்த்துப் பொதுக் களஞ்சியத்தில் பதிவேற்றுவதும் வீட்டுச் சாவியைத் தெருவாசலில் தொங்கவிடுவதற்கு ஒப்பாகும். சோதனைக்கு ஒரு கணக்கும் உண்மைப் பணத்திற்கு வேறொரு கணக்கும் வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

நிறுவிய பின்னும் பணி முடிவதில்லை. சங்கிலியில் இருப்பது மனிதர் படிக்க இயலாத பைட்குறி. எனவே 'ஈதர்ஸ்கேன்' போன்ற தளங்களில் மூல நிரலை அளித்தால், அது அப்பைட்குறியோடு பொருந்துகிறதா என அத்தளம் சரிபார்த்து வெளியிடும். தாம் எதை நம்பிப் பணம் செலுத்துகிறோம் என்பதை மக்கள் படித்தறிய இது வழிசெய்கிறது.

விடுபட்ட ஒரு படி

நிறுவும்போது ஒரு படி விடுபட்டால் என்ன நேரும் என்பதற்குப் பாரிட்டி பணப்பையின் வரலாறு சான்றாகும். 2017ஆம் ஆண்டு சூலையில் அப்பணப்பை ஒப்பந்தத்தில் இருந்த குறையால் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ஈதர் களவு போனது. அக்குறையை நீக்கிப் புதிய ஒப்பந்தம் நிறுவப்பட்டது. பல பணப்பைகளுக்கும் பொதுவான நூலகமாக விளங்கிய அவ்வொப்பந்தத்தில் உரிமையாளர் யார் என்பதைத் தொடக்கத்தில் பதிவு செய்யாமல் விட்டுவிட்டனர். அவ்வாண்டு நவம்பர் 6ஆம் நாள், முகமறியாத ஒருவர் அதன் உரிமையாளராகத் தம்மைப் பதிந்துகொண்டு, அதனை அழிக்கும் கட்டளையை இட்டார். நூலகம் அழிந்தது, அதனை நம்பியிருந்த பணப்பைகளும் செயலிழந்தன. அவற்றில் இருந்த 5 லட்சத்திற்கும் மேற்பட்ட ஈதர் யாருக்கும் பயன்படாமல் முடங்கியது. பேரேட்டில் அத்தொகை இன்றும் தெரிகிறது, எடுக்கத்தான் வழியில்லை.

நம்பிக்கை எங்கே உள்ளது?

திருத்த இயலாமை குறையெனில், திருத்தும்படி அமைத்துவிடலாமே என்னும் வினா எழலாம். அதற்கும் வழி உண்டு. மக்கள் அழைக்கும் முகவரி மாறாமல் இருக்க, அதன் பின்னே இயங்கும் நிரலை மட்டும் மாற்றும் அமைப்பு இன்று பலராலும் பின்பற்றப்படுகிறது. ஆனால், நிரலை மாற்றும் உரிமை ஒருவரிடம் இருந்தால் விதிகளையும் அவர் மாற்றிவிடலாம் அல்லவா? பேரேட்டை வைத்திருப்பவரை நம்ப வேண்டியிருந்த பழைய நிலையே திரும்பிவிடும். ஆகவே அவ்வுரிமையைப் பலருக்குப் பகிர்ந்தளித்து, அவருள் குறிப்பிட்ட எண்ணிக்கையினர் ஒப்பமிட்டால் மட்டுமே மாற்றம் நிகழும்படி அமைக்கின்றனர்.

'தி டாவோ' நிகழ்விலும் இறுதி முடிவை மனிதர்களே எடுத்தனர். எடுக்கப்பட்ட ஈதரை உடனடியாக வெளியேற்ற இயலாதபடி ஒப்பந்தத்தில் காத்திருப்புக் காலம் இருந்தது. அந்த இடைவெளியில் நெடிய விவாதம் நடந்தது. நிரல் சொன்னதே சட்டம். அதன் விளைவை ஏற்பதே நேர்மை என்றனர் ஒரு சாரார். நிரலின் நோக்கம் களவன்று. இழந்தவர்க்கு மீட்டளிப்பதே நேர்மை என்றனர் மற்றொரு சாரார். 2016ஆம் ஆண்டு சூலை 20ஆம் நாள் பெரும்பான்மையோர் புதிய விதியை ஏற்று, பணத்தை உரியவர்க்கு மீட்டளித்தனர். அதனை ஏற்காதோர் பழைய சங்கிலியையே தொடர்ந்தனர். அது 'எத்தீரியம் கிளாசிக்' என இன்றும் இயங்குகிறது. ஒரு நிரலில் நேர்ந்த பிழை, ஒரு பேரேட்டையே இரண்டாகப் பிரித்தது.

இரு சாராரின் கூற்றிலும் நியாயம் இருந்தது. ஆனால் அவ்விவாதமே எழாதபடி செய்திருக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. அது நிறுவுவதற்கு முந்தைய சோதனைக்களம். திறன் ஒப்பந்தத்தில் மக்கள் வைக்கும் நம்பிக்கை எந்திரத்தின்மேல் வைத்த நம்பிக்கை போலத் தோன்றும். உண்மையில் அது, அந்நிரலை எழுதியவர் எத்துணைப் பொறுமையோடு அதனைச் சோதித்தார் என்பதன்மேல் வைத்த நம்பிக்கையே ஆகும்.

தெரிந்து தெளிவோம்

தமிழ்நாடு அரசு 2020ஆம் ஆண்டு கட்டச்சங்கிலித் தொழில்நுட்பத்திற்கெனத் தனிக் கொள்கையை வெளியிட்டது.

கலைச்சொல் அறிவோம்

கட்டச்சங்கிலி – பிளாக்செயின்
திறன் ஒப்பந்தம் – ஸ்மார்ட் கான்ட்ராக்ட்
நிரல்பெயர்ப்பி – கம்பைலர்
பைட்குறி – பைட்கோட்
சோதனை வலையமைப்பு – டெஸ்ட்நெட்
தனித்திறவுகோல் – பிரைவேட் கீ
மறுநுழைவுத் தாக்குதல் – ரீஎன்ட்ரன்சி அட்டாக்

கற்பவை கற்றபின்

1. பள்ளி நூலகத்தில் நூல் வழங்குவதற்கான விதிகளைத் திறன் ஒப்பந்தமாக எழுதுவதாகக் கொண்டு, அதற்குரிய நேர்வழி, மறுப்பு, எல்லை, பகைவழிச் சோதனைகளைப் பட்டியலிடுக.
2. 'நிரல் சொன்னதே சட்டம்' என்னும் கருத்தை ஒட்டியும் வெட்டியும் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

குறுவினா

1. கட்டச்சங்கிலி என்னும் பெயர் அமைந்ததற்கான காரணம் யாது?
2. நிறுவிய ஒப்பந்தத்தின் மூல நிரலை வெளியிடுவதன் பயன் யாது?

சிறுவினா

1. பணம் வழங்கும் செயற்கூற்றில் படிகளின் வரிசை முதன்மை பெறுவது ஏன்? விளக்குக.
2. சோதனை வலையமைப்பின் தேவையை எடுத்துரைக்க.

நெடுவினா

'திருத்த இயலாமையே திறன் ஒப்பந்தத்தின் வலிமை. அதுவே அதன் இடரும் ஆகும்' – பாடப்பகுதியில் இடம்பெற்ற நிகழ்வுகளைக் கொண்டு நிறுவுக.